ஐயரவர்கள் நூற்பயிற்சியும் நாம் விரும்பும் நூல்களும்

ஒருவர் எந்நூலை விரும்புகின்றார் என வினவுதல் எளிது. அந்நூல் அவர் கைக்கு எவ்வாறு வந்தது, அதனை அவர் எம்முறையிற் பயின்றார், அதனையே விரும்பியதனால் வேறெந்நூல்களைத் தொடாது விட்டார் என வினவுதல் அரிது. முன்னை வினாவிற்கு விடை சில நூற்பெயர்களே. பின்னை வினாக்களுக்கு விடையோ அவருடைய அறிவின் வரலாறேயாம். அத்தகைய வரலாற்றை விரிவாகத் தரும் நூலொன்று தமிழில் உண்டு. அது மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் இயற்றிய 'என் சரித்திரம்' என்பது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த அது, 1942 ஏப்ரல் 28-இல் ஐயரவர்கள் திருக்கழுக்குன்றத்திற் சிவபதம் அடைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. 1950-இல் நூலுருப் பெற்றது.

அந்நூலைப் பலரும் பதிப்பாசிரியர் ஒருவரது உழைப்பின் வரலாறாகவே போற்றுகின்றனர். அது தக்கதே. எனினும் அதனை நூற்பயிற்சியின் வரலாறாகக் கொண்டு ஆராய்வார் அரியர். ஆராயாமையால், அதிலுள்ள நிகழ்ச்சியொன்றினைக் கொண்டு பிழைபட்ட முடிபொன்று நாட்டில் வழங்குவதாயிற்று. 1880 அக்டோபர் 21-இல் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டபின்னரே ஐயரவர்களுக்கு உண்மையான தமிழறிவு தோன்றியதென்றும், அதற்கு முன் அவர்கள் ஆதீனச் சூழலிற் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் முதலியன வீண்சுமையென்றும் கூறுவதே அம்முடிபு. இஃது ஒருவர் வரலாற்றைப் பற்றியதொன்றாயின் நாம் கவலவேண்டுவதில்லை. சைவர் தொன்றுதொட்டு நூல் கற்றுவந்த முறையையே பழிப்பதாக இருத்தலின், இதனை ஆராய்தல் நமக்குக் கடனாகின்றது.

1855-இற் பிறந்த ஐயரவர்கள் இளமையிற் கல்விக்காக ஊர்தோறும் அலைந்தார்கள். தந்தையார் இசைவாணர், மகனும் இசையிற் றேர்ச்சி பெறுதலை விரும்பினார். மகனுக்கோ தமிழே உயிர். நூல் வைத்திருப்போர் சிலர். அதனைப் பாடஞ் சொல்ல வல்லோர் அவரினும் சிலர். ஓரூரில் நிகண்டும், மற்றோரூரில் நன்னூலும், வேறோரூரிற் காரிகையுமாகச் சிதறிக் கிடந்த கல்வியைத் திரட்டிக்கொண்டு, 1871-இல் மாயூரத்தில் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார்கள். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையிலும் அவர்களது கல்வி தொடர்ந்தது.

அங்கே அவர்கள் கற்ற முறை யாது? மாணவர் செய்யுளை வாய்விட்டுப் படிப்பார். பிள்ளையவர்கள் சந்தி பிரித்துப் பொருள் கூறுவார். ஒத்த கருத்துடைய செய்யுட்களை நினைவினின்றே எடுத்துக் காட்டுவார். இவ்வாறு திரிபந்தாதிகளும் யமகவந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் புராணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. விரைவு ஒருபால், நுணுக்கம் ஒருபால். இரண்டும் ஒருங்கு நிகழ்தற்குக் காரணம், பாடஞ் சொல்வாரது நினைவாற்றலும் பாடங் கேட்பாரது வேட்கையுமே.

இனி, இக்கல்வி வீணென்பார் கூற்றினை நோக்குவோம். திரிபந்தாதி என்பது யாது? ஒரு செய்யுளின் நான்கடியிலும் முதலெழுத்து மட்டும் வேறுபட, இரண்டாவது முதலாகிய சில எழுத்துக்கள் ஒன்றாகவே நின்று, அடிதோறும் வேறு வேறாகப் பிரிந்து வேறு வேறு பொருள் தருவது. இதனைச் சொல் விளையாட்டென்று இகழ்வார் பலர். பாச்சுவை பற்றிய அளவில் அவர் கூறுவதிற் சிறிது உண்மையும் உண்டு. ஆயினும் இதனைப் பயின்றவனுக்கு உண்டாகும் ஆற்றல் யாதெனச் சிந்திக்க வேண்டும். எழுத்துக்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து நிற்க, அவற்றைப் பொருளும் யாப்பும் இலக்கணமும் துணையாக எங்கெங்கே பிரித்தல் தகும் என்று காணும் ஆற்றலே அது.

பழைய ஏட்டுச்சுவடி எத்தகையதென அறிந்தார்க்கு இவ்வாற்றலின் அருமை விளங்கும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேற்றுமை தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவாய் நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியிராது. அடி பிரித்தெழுதும் வழக்கமும் இல்லை. மூலமும் உரையும் ஒன்றோடொன்று கலந்து ஓடும். எழுதுவோர் பிழையும் செல்லின் வாய்ப்பட்ட சிதைவும் இவற்றின்மேலும் உள்ளன. இத்தகைய ஏட்டினின்று 3,000-க்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியருரையுடன் எடுத்து, 1887-இல் அச்சிற் பதிப்பித்தற்கு எவ்வகைப் பயிற்சி வேண்டும்? எழுத்துத்தொடரைப் பலவாற்றானும் பிரித்துப் பார்க்கும் பயிற்சியன்றோ வேண்டும்? அதனை ஐயரவர்களுக்கு அளித்தவை எவை? வீணென்று தள்ளப்படும் அவ்வந்தாதிகளே. ஆகவே இராமசுவாமி முதலியார் வினாவியது புதுவழியைக் காட்டிற்று. அவ்வழியில் நடத்தற்குரிய கால்வலியைத் தந்தது பிள்ளையவர்கள் பாடமே என்பது துணிபு.

அற்றேல், முதலியார் வினா வேண்டாததோ எனின், அன்று. அவர் கண்ட குறை உண்மைக்குறையே. அவர் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்தபொழுது, அங்குக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த ஐயரவர்கள் அவரைக் காணச் சென்றார்கள். யாரிடம் யாது பயின்றீர் என அவர் வினவ, ஐயரவர்கள் தாம் கற்ற நூல்களை வகைவகையாக எடுத்துரைத்தார்கள். அந்நீண்ட வரிசையைக் கேட்டும் முதலியார் வியந்திலர். இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களாகிய சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்பவற்றைப் பயின்றதுண்டா என்று கேட்டார். அப்பெயர்களையுடைய நூல்களை ஐயரவர்கள் கற்றிருந்தாரல்லர். அவருடைய ஆசிரியரும் பாடஞ் சொன்னாரல்லர்.

ஈண்டு நாம் கருத வேண்டுவதொன்று உண்டு. பிள்ளையவர்களினும் மிக்க நூற்காதலுடையார் ஒருவர் அக்காலத்திருந்தாரென யாம் கருதவில்லை. அங்ஙனமாகவும் அந்நூல்கள் பாடத்தினின்று எவ்வாறு நழுவின? பகையாலன்று, விருப்பத்தாலேயே நழுவின. பனையோலை சில நூற்றாண்டுகளே நிற்கும். நூல் நிலைபெற வேண்டுமாயின் தலைமுறைதோறும் யாரேனும் அதனைப் படியெடுத்தல் வேண்டும். பாடங் கேட்கப்படும் நூலையே மாணவர் படியெடுப்பர். யாவரும் விரும்பும் நூலே பாடமாக நடக்கும். ஆகவே ஒரு நூலை மிக விரும்புதல் அதனை வாழச் செய்கின்றது. அவ்விருப்பமே பிறிதொரு நூலைக் கேட்பாரின்றி மறையவும் செய்கின்றது. கடல்கோளும் கறையானும் நூல்களை விழுங்கினவென்று நாம் வருந்துகின்றோம். கற்பாரின்மையால் அழிந்தவை எத்துணையோ என எண்ணுதல் இல்லை.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. சிந்தாமணி முதலியவற்றைத் தாம் கல்லாமை ஒரு குறையென 1880-க்கு முன் ஐயரவர்களுக்குத் தோன்றவேயில்லை. தாம் கற்றது மிகப் பலவாதலின், கல்லாதது உண்டென்னும் எண்ணம் எழுதற்கு இடமில்லாதிருந்தது. திருவருட்பயனில் இருண்மலநிலையைப் பயின்றார் இதனை எளிதில் உணர்வர். புறத்தேயுள்ள இருள் பிற பொருள்களை மறைப்பினும், இங்கு இருள் உளதெனத் தன்னையேனும் காட்டும். ஆணவமலமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் காட்டாது நிற்கும் என்பது உமாபதிசிவனார் கருத்து. மலத்திற்குச் சொல்லியது நூற்பயிற்சிக்கும் ஓராற்றாற் பொருந்தும். கல்லாத நூல் தன்னைக் கல்லாதவாறு காட்டாது. அதனைக் காட்டுதற்குப் புறத்தேயிருந்து ஒருவர் வினாவுதல் வேண்டும். முதலியார் செய்தது அதுவே.

வினாவியவர் வினவியதோடு நின்றிலர். தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் பாடமும் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். அதன்பின் ஐயரவர்கள் கற்ற முறை நம்மால் ஊன்றி நோக்கத் தக்கது. நச்சினார்க்கினியர் தம் உரையிற் பல மேற்கோள்களைத் தந்து, அவை எந்நூலின என்று கூறாதே செல்வர். ஒவ்வொரு மேற்கோளும் தாம் காணாத ஒரு நூலுக்கு வழிகாட்டும் அடையாளமாயிற்று. திருவாவடுதுறை மடத்து ஏடுகளையே மீண்டும் ஆராய்ந்தபொழுது, பத்துப்பாட்டும் தொகைநூல்களும் அங்கேயே வெளிப்பட்டன. கேட்பாரில்லாத காலத்தும் அவற்றைக் காத்து வைத்தது சைவமடமே என்பதைச் சைவமடங்களைக் குறைகூறுவார் மறத்தலாகாது. காத்து வைத்தும் கற்பியாதிருந்தது அம்மடமே என்பதை நாமும் மறத்தலாகாது.

சமணசமயக் கருத்துக்களில் ஐயம் நேர்ந்தவிடத்து ஐயரவர்கள் தாமே ஒரு பொருளைப் படைத்துக்கொள்ளவில்லை. கும்பகோணத்திற் சைனர் வீட்டை நாடிச் சென்றார்கள். தாம் மறைந்துபோன நூலென எண்ணியிருந்த சிந்தாமணி, அவ்வீட்டிற் பல திங்களாகப் படிக்கப்பெற்று, அது நிறைவெய்தியதை விழாவாகக் கொண்டாடும் நிலையில் உயிரோடிருத்தலைக் கண்டார்கள். நாம் நம் வீடுகளிற் பெரியபுராணத்தை எவ்வன்போடு ஓதுகின்றோமோ, அவ்வன்போடு தம் நூலை ஓதுவாரிடம் சென்று பணிந்து கேட்டமையாலன்றோ அப்பதிப்பு நம்பத்தக்கதாயிற்று?

இங்குச் சைவர் சிலருள்ளத்தில் ஒரு தடை எழும். 'அநபாயச் சோழன் சிந்தாமணியைச் சுவைத்திருத்தலைக் கண்டு வருந்தியன்றோ சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் வரலாற்றை அருளினார்? உமாபதிசிவனார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் அதனைக் கூறவில்லையா? அங்ஙனமாக, விலக்கிய நூலைச் சைவர் மீண்டும் எடுத்துப் பயிலுதல் தகுமோ?' எனின், கூறுதும்.

அப்புராணத்திற் சேக்கிழார் அரசனுக்கு உரைத்தது, இம்மை மறுமை வீட்டின்பங்களுக்குத் துணையென்று பற்றத்தக்க நூல் அஃதன்று என்பதே. அவர் அந்நூலைக் கொளுத்துமாறு கூறவில்லை. கற்றல் குற்றமென்று ஆணையிடுவிக்கவும் இல்லை. அதனினும் சிறந்ததொன்றைச் செய்து தந்தார். ஒரு நூலுக்கு மறுப்பு மற்றொரு நூலே என்பது அவர் காட்டிய நெறி. மேலும் சிந்தாமணியின் நயத்தை அறியாதவர் அதனினும் நயமுடைய காப்பியத்தால் அரசனை ஈர்த்தல் எங்ஙனம் கூடும்?

நம் சாத்திர மரபும் இதனையே வலியுறுத்தும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தார். உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தினர் கொள்கைகளை, நிகண்டவாதியையும் ஆசீவகனையும் உள்ளிட்டு, அவரவர் கூறுமாறே முதலிற் கூறிப் பின்னரே மறுத்தார். பிறர் நூலைப் பயிலாமல் இதனைச் செய்திருத்தல் இயலாது. இன்னும் அணித்தாக ஒன்று காட்டுவோம். நாம் இளமையிற் கற்கும் நன்னூலைச் செய்த பவணந்தி முனிவர் சமணர். அதற்கு விருத்தியுரை கண்ட சங்கரநமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்தி விளக்கியவர் மாபாடியஞ் செய்தருளிய சிவஞான முனிவரே. மாதவச் சிவஞான முனிவர்க்கு இழுக்காகாதது நமக்கு இழுக்காமோ? ஆகாதென்க.

ஆகலின் நூல்களை நாம் மூவகையாகப் பகுத்துக்கொள்ளுதல் நன்று. அடைக்கலம் புகுதற்குரியன ஒருவகை, அவை திருமுறைகள். தெளிவு பெறுதற்குரியன ஒருவகை. அவை மெய்கண்ட சாத்திரங்களும் அவற்றின் உரைகளும். அறிவை அகலப்படுத்தி நம் கொள்கையைச் சோதித்துக் காட்டுவன ஒருவகை. அவை இலக்கண இலக்கியங்களும் பிறர்சமய நூல்களும். முதல்வகையிற் கொள்ளும் அன்பை மூன்றாம் வகையிற் கொள்ளுதல் வேண்டுவதன்று. மூன்றாம் வகையிற் கொள்ளும் ஆராய்ச்சியை மட்டும் முதல்வகையில் வைத்து ஓதாதிருத்தலும் கூடாது. இப்பகுப்பு ஐயரவர்கள் வரலாற்றிலேயே விளங்கிக் கிடக்கின்றது. 1876-இற் பிள்ளையவர்கள் இறுதிப்படுக்கையிற் கிடந்தபொழுது ஓதக் கேட்க விரும்பியது, தாம் பாடிய அளவற்ற புராணங்களுள் ஒன்றையன்று, திருவாசகத்தையே. அடைக்கலப்பத்தினை மாணவர் ஓத ஆசிரியர் கேட்டார். பன்னூல் கற்றார்க்கும் உயிர் ஒதுங்கும் நிழல் ஒன்றே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஐயரவர்களும் சங்கநூல்களைக் கண்டபின் தம் பழைய நூல்களை இகழ்ந்தாரல்லர். 1889-இற் பத்துப்பாட்டையும், 1892-இற் சிலப்பதிகாரத்தையும், 1894-இற் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் வெளியிட்டவர்களே, பின்னர்த் தலபுராணங்களையும் சிற்றிலக்கியங்களையும் வெளியிட்டார்கள். 1933, 1934-ஆம் ஆண்டுகளிற் பிள்ளையவர்கள் சரித்திரத்தை இரு பகுதிகளாக எழுதி ஆசிரியர்கடன் தீர்த்தார்கள். முற்கல்வி வீணென்னும் கூற்றிற்கு அவர்கள் வாழ்க்கையே மறுப்பாகும்.

'என் சரித்திரம்' குறையே இல்லாத நூலெனவும் யாம் கூறமாட்டோம். நூல்களைத் தேடிய வரலாறு அதில் விரிந்துள்ள அளவிற்கு, அந்நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிட்ட கருத்து விரியவில்லை. சிந்தாமணியின் சுவையில் அவர்கள் ஈடுபட்டமை தெரிகின்றது. சைவராகிய தமக்கு அந்நூலின் துறவுக்கொள்கை எவ்வாறு தோன்றிற்றென்பது தெரியவில்லை. ஆதீனத்திற் பல்லாண்டு வாழ்ந்தும் சித்தாந்த நூல்கள் தம் உள்ளத்தில் யாது செய்தன என்பதனைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கின்றார்கள். தற்புகழ்ச்சிக்கு அஞ்சும் அடக்கமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் நூற்பயிற்சியின் வரலாற்றைத் தேடி அதனைப் படிப்பார்க்கு அது குறையே.

இனி, நம் நிலைக்கு வருவோம். நூல் கிடையாதென்னும் குறை இக்காலத்து இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலிய முயற்சிகளால், மெய்கண்ட சாத்திரங்களும் திருமுறைகளும் சங்கநூல்களும் கைப்பேசியிலேயே படிக்கக் கிடைக்கின்றன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. நச்சினார்க்கினியர் மேற்கோளொன்றின் இருப்பிடத்தை அறிய ஐயரவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். இன்று சிறுவனொருவன் ஒரு சொல்லைத் தட்டி நொடியிற் காண்பான். இது நன்றே. ஆயின் தேடிய சொல் வருமேயன்றித் தேட வேண்டுமென்று நாம் அறியாத சொல் வாராது. கல்லாத நூல் தன்னைக் காட்டாதென மேலே கூறியது இங்கும் ஒக்கும். வேண்டிய அடியை மட்டும் எடுத்து வழங்குவார், அதன் முன்னும் பின்னும் உள்ள அடிகளை அறியாமையால், ஆசிரியர் பூர்வபக்கமாக வைத்ததனைச் சித்தாந்தமென்று மேடையிற் கூறுதலையும் கேட்கின்றோம்.

திருவாசக முற்றோதல் ஊர்தோறும் பெருகிவருதல் மகிழத்தக்கது. அவ்வளவு மக்கள் ஒருங்கிருந்து ஓதுதல் முன்னோர் காணாத காட்சியாகவும் இருக்கலாம். சாத்திரத்தின் நிலையோ வேறு. சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம், நாற்பதே அடி. திருவருட்பயன் நூறே குறள். இவற்றை ஓதுவார் உளர். இருபாவிருபஃது, சங்கற்ப நிராகரணம், உண்மைநெறி விளக்கம் என்பவற்றைப் பாடங் கேட்டார் நம்முள் எத்துணையர்? பதினான்கு என்று எண்ணிக்கை சொல்லிப் போற்றி, இரண்டு மூன்றனைப் பயின்று அமைவோமாயின், ஏனையவை அச்சிலிருந்தும் ஏட்டிலிருந்த சிந்தாமணியின் நிலையையே அடையும்.

நன்னூலார் பாடங் கேட்டலைப் பற்றிக் கூறிய கணக்கு எக்காலத்திற்கும் ஏற்றது. ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுதலால் ஒரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பர். தனித்திருந்து கண்ணாற் படிப்பதொன்றையே நூற்பயிற்சியெனக் கொள்வார்க்கு இக்கணக்கில் எப்பங்கு கிடைக்குமென அவரே காண்க.

யாம் மேற்கொண்டுள்ள முறையையும் அன்பர்கள் வேண்டின் கொள்ளுமாறு கூறுதும். காலையில் ஒரு திருப்பதிகத்தை வாய்விட்டு ஓதுவோம். வாரத்தில் ஒருநாள் அன்பர் இருவரோடிருந்து ஒரு சாத்திரச் செய்யுளை உரையோடு பயில்வோம். முறைவைத்து ஒருவர் ஆசிரியராயும் மற்றையோர் மாணாக்கராயும் இருப்போம். ஆண்டுக்கு ஒன்றாகப் பிறர்சமய நூலொன்றினைத் தொடக்கம் முதல் இறுதிவரை படிப்போம். சென்ற ஆண்டு மணிமேகலையைப் படித்தோம். சமயக்கணக்கர் திறங்கேட்ட காதையிற் சைவவாதியும் பலருள் ஒருவனாய் நின்று சில அடிகளிலே தன் கொள்கையைக் கூறி முடித்தல், நம்மைப் பிறர் எவ்வாறு கண்டனர் என்பதனைக் காட்டிற்று. சிறிது கசப்பாயினும் அது நல்ல மருந்தே. இவற்றுள் எமக்கு உயிரனைய நூல் யாதென்பார்க்குத் திருவருட்பயன் என்போம். பதிமுதுநிலை தொடங்கி அணைந்தோர் தன்மை ஈறாகப் பத்ததிகாரத்துள் உயிரின் பயணம் முழுவதையும் அது அடக்கி வைத்தது. நூறு முறை ஓதினும் நம் அறியாமையைப் புதிதாகக் காட்டுவது. விரும்பும் நூல் அத்தகையதாயிருத்தலே அவ்விருப்பம் தகுதியுடையதென்பதற்கு அடையாளம்.

சைவ அன்பர்காள்! நூற்றாண்டு ஒன்று கழிந்தும் முதலியார் வினா பழமையடையவில்லை. நாம் கூடுங் கழகங்களிலும் மடங்களிலும், 'யாது கற்றீர்?' என்று கேட்டு மகிழ்வதோடு நில்லாமல், 'யாது கல்லாதிருக்கின்றீர்?' என ஒருவரையொருவர் அன்புடன் வினவுவோமாக. வினவியவர் நூலையும் கொடுத்து உடனிருந்தும் பயில்வாராக. அவ்வாறு செய்யின், அடைக்கலமாகிய திருமுறையும் தெளிவாகிய சாத்திரமும் நம்மிடத்து உயிரோடிருக்கும். பிறர் நூலும் நம்மால் வாழும். அதற்குத் தில்லைக்கூத்தன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.